சிறுநீர்ப்பாதைச் சுருக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை: ஆண்கள் கேட்கும் கேள்விகள்

நான் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர். எங்கள் புறநோயாளிப் பிரிவில் சிலர் மடியில் கனமான ஃபைலோடு காத்திருப்பார்கள். பிரித்தால் நாலைந்து டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே சிகிச்சை: ஓ.ஐ.யு. அதாவது கருவியை உள்ளே விட்டு அடைப்பைக் கீறிவிட்டிருக்கிறார்கள். சில மாதங்களில் மறுபடி அடைத்திருக்கிறது, மறுபடி கீறியிருக்கிறார்கள். வேறு வழி இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த ஃபைல்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சுருக்கம் உடம்பில் எந்த இடத்தில் வருகிறது?

"சிறுநீர்க் குழாய் அடைப்பு" என்று சொன்னதும் பலர் கல்லடைப்பை நினைத்துக்கொள்கிறார்கள். அது சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய். இங்கே பேசுவது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் கடைசிப் பாதை, யூரித்ரா. ஆண்களுக்கு இது ஏறத்தாழ 18 முதல் 20 செ.மீ. நீளம். பையை விட்டு இறங்கியதும் புராஸ்டேட் சுரப்பிக்குள் நுழைகிறது. அடுத்து, சிறுநீரை அடக்கும் தசை சூழ்ந்த குறுகிய பகுதி. அதைத் தாண்டி விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், உட்காரும்போது அழுந்தும் இடத்தில், கொஞ்சம் அகலமான பகுதி. இதைப் பல்பார் பகுதி என்கிறோம். பிறகு ஆண்குறி வழியாக நுனி வரை. சுருக்கம் அதிகம் வருவது பல்பார் பகுதியில்.

இந்தப் பாதையைச் சுற்றி ரத்தம் நிறைந்த பஞ்சு போன்ற திசு உறையாக இருக்கிறது. பாதையின் உள்தோல் மட்டும் கெட்டால் பிரச்சினை சின்னது. பஞ்சுத் திசு வரை தழும்பு இறங்கிவிட்டால், அந்த இடம் காய்ந்த தோல்வார் போல இறுகிவிடும். சுருக்கம் என்பது இந்தத் தழும்புதான். மாத்திரையால் இது கரையாது.

எனக்கு ஏன் வந்தது? நான் எந்தத் தப்பும் செய்யவில்லையே.

இதைக் கேட்கும்போது பலருக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது. பால்வினை நோயால்தான் வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கொனோரியா ஒரு காரணம் என்பது உண்மைதான், ஆனால் பல காரணங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே. சைக்கிள் பார் மேலோ, சுவர் விளிம்பிலோ, திறந்து கிடந்த சாக்கடை மூடியிலோ கவட்டில் அடிபட விழுந்திருக்கலாம். அடிபட்டு பத்து வருடம் கழித்துக்கூடச் சுருக்கம் தலைகாட்டும்; விழுந்ததே மறந்துபோயிருக்கும். ஏதோ ஒரு ஆபரேஷனுக்காகப் போட்ட கதீட்டர் என்ற சிறுநீர் டியூப், புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்க உள்ளே விட்ட கருவி, சிறுவயதில் சிறுநீர்த் துவாரம் கீழே இருந்ததைச் சரிசெய்த அறுவை, நுனித்தோலை வெளுக்கச் செய்யும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய், இவையும் காரணங்கள். எதுவுமே கண்டுபிடிக்க முடியாதவர்களும் நிறையப் பேர். யாரும் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டில் சொல்லாமல் தள்ளிப்போட்டு, கடைசியில் நடுராத்திரி ஒரு சொட்டும் போகாமல் வயிறு புடைத்து வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் யூரோஃப்ளோ. ஒரு கருவியில் சிறுநீர் கழிக்க வேண்டும், அது வேகத்தைக் கணக்கிடும். நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல வேகம், 10-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். சுருக்கம் இருப்பவரின் வரைபடம் மலை போல ஏறி இறங்காமல், மேசை போலத் தட்டையாக நீளும். கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்பதை ஸ்கேன் காட்டும்.

அறுவைக்கு வழிகாட்டுவது ஆர்.ஜி.யு., எம்.சி.யு. என்ற டை எக்ஸ்ரேக்கள்தான். முதலாவதில் நுனி வழியாகச் சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். இரண்டாவதில் பையில் சாயத்தை நிரப்பி, நீங்கள் கழிக்கும்போது எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுருக்கம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை செ.மீ. நீளம் என்பது தெரியும். இந்தப் படம் எடுக்காமலே யாராவது "கீறிவிடலாம்" என்றால், படம் எடுத்துவிட்டுப் பேசலாம் என்று நீங்களே தைரியமாகச் சொல்லுங்கள்.

உள்ளே கருவி விட்டுக் கீறினால் போதாதா? ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்களே.

சிலருக்குப் போதும். பல்பார் பகுதியில், ஒன்றரை, இரண்டு செ.மீ.க்குள், முதல்முறையாக வந்த ஒற்றைச் சுருக்கம் என்றால் கீறிப் பார்ப்பது நியாயம். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் மேல்பக்கமாக, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் சின்னக் கத்தியால் தழும்பைத் திறப்பார்கள். இப்படிக் கண்ணால் பார்த்துக் கீறும் முறை 1970-களில் ஜெர்மனியின் சாக்ஸே என்ற மருத்துவர் வழியாகப் பரவியது. அதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கம்பி விட்டு விரிப்பதுதான் வழக்கம்.

ஆனால் கீறிய இடத்தில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். தழும்பு அகற்றப்படவில்லை, பிளக்கப்பட்டிருக்கிறது. பிளவின் மேல் புதுத்தோல் படர்வதற்குள் காயம் சுருங்கத் தொடங்கினால் பழைய அடைப்பே திரும்பும், சில நேரம் முன்பைவிட நீளமாக. முதல்முறை தோற்றால் இரண்டாவது முறை நிலைக்கும் வாய்ப்பு குறைவு. மூன்றாவது, நான்காவது முறைகளில் அநேகமாக இல்லை. அவை சில மாதத் தவணை வாங்கித் தருபவை மட்டுமே. அதற்குள் 1 செ.மீ. தழும்பு 3 செ.மீ. ஆகியிருக்கும். கெட்டதை வெட்டி எடுத்து முனைகளை இணைத்திருக்கக்கூடிய ஒருவருக்கு, வேறு இடத்துத் தோலை ஒட்டு வைக்க வேண்டிய நிலை வரும்.

இதில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். திரும்ப வந்த பல்பார் சுருக்கம் உள்ள 222 ஆண்களை வைத்து, கீறுவதையும், வெளியே கீறல் போட்டுப் பாதையைச் சரிசெய்யும் திறந்த அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓபன் என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2020-ல் வெளியானது. இரண்டு வருடக் கணக்கில் இரு பக்கத்தாருக்குமே அறிகுறிகள் குறைந்திருந்தன. ஆனால் மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு திறந்த அறுவை செய்தவர்களிடம் ஏறத்தாழப் பாதிதான். எனவே, வீட்டில் கல்யாணம், வேலையில் லீவு இல்லை என்று ஒரு தடவை தள்ளிப்போட விரும்புபவர் கீறிக்கொள்வதில் பிழையில்லை. அதை நிரந்தரத் தீர்வு என்று அவரிடம் சொல்வதுதான் பிழை.

ஆண்குறிப் பகுதியில் உள்ள சுருக்கத்தைக் கீறவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே பஞ்சுத் திசு மெல்லியது. பலன் நிலைப்பதும் இல்லை, விறைப்புக்குப் பாதிப்பு வரும் ஆபத்தும் உண்டு.

மருந்து பூசிய பலூன் வந்திருக்கிறதாமே?

ஆமாம். ஆப்டிலூம் என்று பெயர். தழும்பு மீண்டும் வளராமல் தடுக்க பக்லிடாக்ஸெல் மருந்து பூசிய பலூனை உள்ளே விரிப்பார்கள். 3 செ.மீ. வரையுள்ள, ஏற்கெனவே கீறியும் திரும்பிவந்த சுருக்கங்களில் சோதித்தபோது, ஆறு மாத முடிவில் பாதை திறந்திருந்தது நூற்றுக்கு 75 பேருக்கு. வழக்கமான விரிப்பு, கீறல் செய்தவர்களில் அது 27 பேர். நல்ல வித்தியாசம்தான். திறந்த அறுவையோ பல வருடம் நிலைக்கிறது என்று காட்டிவிட்ட ஒன்று. பெரிய அறுவைக்கு உடம்பு இடம் தராதவர்களுக்கு இந்தப் பலூன் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். விந்தில் மருந்து கலந்து வரும் என்பதால் சில காலம் ஆணுறை அவசியம்.

"வெட்டி இணைப்பது" என்றால் என்ன?

கெட்ட பகுதியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, நல்ல முனைகள் இரண்டையும் சாய்வாகச் சீவி, அகலமாக ஒன்றோடொன்று தைப்பது. விதைப்பைக்குக் கீழே கீறல் போட்டுச் செய்வோம். குட்டையான பல்பார் சுருக்கத்துக்கு இதைப்போல நிலைக்கும் சிகிச்சை வேறில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பலன் தருகிறது. ஏறத்தாழ 2 செ.மீ.க்கு மேல் வெட்டினால் இழுவை ஏற்படும், ஆண்குறி கீழ்நோக்கி வளையும். ஆண்குறிப் பகுதியில் இதைச் செய்யாததற்கும் அதுவே காரணம்.

பஞ்சுத் திசுவை முழுதாக அறுத்தால் அதன் வழி ஓடும் ரத்த ஓட்டமும் அறுபடும். அதைத் தவிர்க்க, உள்தோல் தழும்பை மட்டும் எடுத்துவிட்டு வெளி உறையைத் தொடாமல் விடும் முறையை லண்டனில் ஆண்ட்ரிச்சும் மண்டியும் 2012-ல் எழுதினார்கள். அடிபடாமல் வந்த சுருக்கங்களுக்கு இன்று பலர் இதைத்தான் விரும்புகிறார்கள்.

கன்னத்துத் தோலை எடுத்து அங்கே வைப்பார்களாமே, அது எப்படிப் பொருந்தும்?

சுருக்கம் நீளமாக இருந்தால் வெட்டி இணைக்க முடியாது. அடைபட்ட பாதையை நெடுக்காகத் திறந்து, அகலம் பற்றாத இடத்தில் வேறு தோலைத் தைத்து விரிவாக்க வேண்டும், இறுகிப்போன சட்டைக்குப் பக்கவாட்டில் துணி சேர்த்துத் தைப்பதுபோல. ஒரு காலத்தில் ஆண்குறித் தோலையே பயன்படுத்தினார்கள். வாயின் உள்தோல் அதைவிடப் பல விதங்களில் சிறந்தது. எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது. முடி முளைக்காது. மேல்தோல் தடிமனானது, அடித்தளம் மெல்லியது, அதனால் புது ரத்த நாளங்கள் சீக்கிரம் ஊடுருவும். எடுத்த இடமும் வேகமாக ஆறிவிடும்.

யோசனை பழையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ரஷ்யப் பேரரசில் சபேஷ்கோ என்ற அறுவை மருத்துவர் வாய்த்தோலைப் பயன்படுத்தியிருக்கிறார். 1941-ல் இங்கிலாந்தில் ஹம்பி ஒரு சிறுவனின் பிறவிக் குறைக்கு இதே முறையைக் கையாண்டார். பிறகு கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு உறங்கிக் கிடந்து, 1990-களில்தான் உலகமெங்கும் பரவியது.

வாயைத் திறந்து வைத்து, கன்னத்தின் உட்புறத்தில் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம், 4 முதல் 6 செ.மீ. நீளத்துக்கு எடுப்போம். மேல்வரிசை இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உமிழ்நீர்க் குழாய் திறக்கிறது, அதை முதலில் குறித்துக்கொண்டு ஒதுங்கிப்போவோம். எடுத்த தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் தசையையும் சுத்தமாகச் சீவிய பிறகே தைப்பது.

ஒட்டு பிடிப்பது, நட்ட நாற்று பச்சை பிடிப்பது மாதிரி. முதல் இரண்டு நாள் தனக்கென ரத்த ஓட்டம் இல்லாமல், அடியிலுள்ள திசுவின் ஈரத்தை உறிஞ்சி உயிரோடு இருக்கும். அடுத்த இரண்டு நாளில் கீழிருந்து நுண்ணிய நாளங்கள் வந்து இணையும். அந்த நாலு நாளும் அது அசையாமல், படுக்கையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். எழுந்து அதிகம் நடமாடாதீர்கள் என்று நர்ஸ் சொல்வது இதற்காகத்தான்.

ஒட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் டாக்டர்களுக்குள் வித்தியாசம் உண்டா?

உண்டு. இந்தக் கதையில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இத்தாலியின் பர்பாக்லி 1996-ல், பாதையைத் திருப்பி அதன் முதுகுப் பக்கம் ஒட்டு வைக்கும் முறையை எழுதினார். அங்கே ஆண்குறியின் உறுதியான தண்டுகள் அடியில் இருப்பதால் ஒட்டு தொய்யாது. ஆனால் பாதையை முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஆக்ராவின் அசோபா 2001-ல் வேறு வழி காட்டினார்: பாதையை அடியிலிருந்து பிரிக்கவே வேண்டாம், முன்பக்கம் திறந்து, உள்ளே பின்சுவரைக் கீறி, அந்த இடைவெளியில் ஒட்டைப் பதித்துவிட்டு முன்பக்கத்தை மூடிவிடலாம் என்றார். சிக்கனமான, அழகான யோசனை.

புனேயின் சஞ்சய் குல்கர்னி 2009-ல் பர்பாக்லியுடன் சேர்ந்து வெளியிட்ட முறையில், பாதையை ஒரு பக்கம் மட்டுமே பிரிப்பார்கள். மறுபக்கத்து ரத்த நாளமும் நரம்பும் தொடாமல் இருக்கும். விதைப்பைக்குக் கீழே போட்ட ஒரே கீறல் வழியாக ஆண்குறியை உள்பக்கமாகத் திருப்பி வெளியே கொண்டுவந்து, நுனி வரையுள்ள முழு நீளச் சுருக்கத்தையும் ஒரே அமர்வில் சரிசெய்கிறார்கள். ஆண்குறித் தோலில் தழும்பே விழாது. 2012-ல் குல்கர்னி குழுவினர் இப்படிப்பட்ட நீண்ட சுருக்கம் உள்ள 117 ஆண்களின் கணக்கை வெளியிட்டார்கள். சுருக்கத்தின் சராசரி நீளம் 14 செ.மீ., வெற்றி ஏறத்தாழ 84 சதவீதம். இவ்வளவு நீளத்துக்கு இது பெரிய சாதனை.

எந்தப் பக்கம் வைத்தாலும் பல்பார் பகுதியில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் மருத்துவருக்குக் கைவந்த முறை எதுவோ அது உங்களுக்கும் நல்லது.

நான் பாக்கும் புகையிலையும் போடுபவன். என் கன்னத்தோல் ஆகுமா?

தயவுசெய்து இதை மறைக்காதீர்கள். பாக்கு, ஹான்ஸ், குட்கா பழக்கம் உள்ளவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்நாராக இறுகிவிடும். வாயை மூன்று விரல் அகலம்கூடத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட தோல் ஒட்டுக்குச் சரிவராது. எடுத்தால் வாய் இன்னும் இறுகும். இவர்களில் சிலருக்கு நாக்கின் அடிப்பக்கத் தோலை எடுக்க முடிகிறது. வாயே திறக்காவிட்டால் வேறு இடத்துத் தோலைத் தேட வேண்டியதுதான். அறுவைத் தேதி குறித்த நாளிலேயே பழக்கத்தை நிறுத்துங்கள். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், முதலில் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

நுனி வெள்ளையாகி, முன்தோல் ஒட்டிப்போயிருக்கிறது. இதுவும் அதே ஆபரேஷனா?

அது லைக்கன் ஸ்கிளிரோசஸாக இருக்கலாம். நோய் தோலையே பிடித்திருப்பதால், ஆண்குறித் தோலால் சரிசெய்தால் அதிலும் நோய் திரும்பும். வாய்த்தோல்தான் வழி. பாதை மிகவும் சிதைந்திருந்தால், அல்லது சிறுவயதில் செய்த அறுவைகள் தோற்றிருந்தால், இரண்டு கட்டமாகச் செய்வோம். முதல் கட்டத்தில் கெட்டதை எடுத்துவிட்டு ஒட்டைத் தட்டையாகப் பரப்பிவிடுவோம். சில மாதம் கழித்து அது மென்மையானதும், சுருட்டிக் குழாயாகத் தைப்போம். இடைப்பட்ட காலத்தில் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். பொறுமை கேட்கும் சிகிச்சை.

விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து சிறுநீர் நின்றுவிட்டது. உடனே சரிசெய்யாமல் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். இடுப்பு வளையம் உடையும்போது பாதை அடக்கும் தசையருகே அறுந்து, இரு முனைகளும் விலகிப்போகின்றன. நடுவில் ரத்தக்கட்டு தேங்கி, பிறகு இறுகிய நாராகிறது. அந்த வீக்கத்துக்குள் புகுந்து தைத்தால் ரத்தப்போக்கும் நரம்புச் சேதமும் அதிகம். எனவே அடிவயிற்றில் டியூப் வைத்து, குறைந்தது மூன்று மாதம் விட்டு, படம் எடுத்து இடைவெளியை அளந்துகொண்டு, நாரை முழுதாக வெட்டி எடுத்து முனைகளை இணைப்போம்.

இடைவெளி பெரிதானால் படிப்படியாகத் தூரத்தைக் குறைக்க வேண்டும்: பாதையைத் தளர்த்துவது, ஆண்குறித் தண்டுகளை நடுவில் பிரிப்பது, அந்தரங்க எலும்பின் கீழ் விளிம்பைச் செதுக்குவது, கடைசியாகப் பாதையைத் தண்டைச் சுற்றித் திருப்பிவிடுவது. வெப்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1991-ல் முறைப்படுத்திய இந்தப் படிகளைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். முதல் அறுவையே முக்கியம். அது தவறினால் இரண்டாவது பல மடங்கு கடினம். இதை அடிக்கடி செய்யும் மையத்துக்குத் தூரம் பார்க்காமல் போங்கள்.

விபத்துக்குப் பிறகு விறைப்பு குறைந்திருந்தால், பெரும்பாலும் அது எலும்பு உடைந்தபோதே நரம்பும் ரத்தக் குழாயும் சேதமானதால். அறுவைக்கு முன்பே இதைப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான் தினமும் நானே டியூப் விட்டுக்கொள்கிறேன். ஆபரேஷனுக்கு முன் அதை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

டியூப் போய்வரும்வரை தழும்பு தன் உண்மையான நீளத்தைக் காட்டாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஓய்வு கொடுத்தால்தான் எது கெட்டது, எது நல்லது என்று பிரியும். அதற்குள் அடைத்துக்கொண்டால் அடிவயிற்றில் டியூப் வைப்போம். தொந்தரவுதான், ஆனால் பாதி அடைப்பை விட்டுவிட்டுத் தைப்பதைவிட நல்லது.

ஆஸ்பத்திரியில் எத்தனை நாள்? வேலைக்கு எப்போது போகலாம்?

சில நாள் ஆஸ்பத்திரி, இரண்டு முதல் மூன்று வாரம் கதீட்டர். கழற்றும்போது சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து, எங்கும் கசிவில்லை என்று உறுதிசெய்வோம். கசிந்தால் இன்னும் ஒரு வாரம். வாய் இரண்டு மூன்று நாள் வலிக்கும். மோர், கஞ்சி, ஆறிய ரசம் சாதம் இறங்கும், காரம் வேண்டாம். கன்னத்தில் மரத்துப்போன உணர்வு சில வாரம் இருக்கும். மேசை வேலைக்குக் கதீட்டர் எடுத்த சில நாளில் போகலாம். சைக்கிள், பைக், மூட்டை தூக்குவது ஆகியவற்றுக்கு மூன்று மாதம் பொறுங்கள்.

தாம்பத்தியம்? குழந்தை?

முதல் சில மாதம் விறைப்பு குறைவதாகச் சிலர் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. விந்து முன்போலப் பீய்ச்சாமல் மெதுவாக வழியலாம், சிறுநீர் கழித்த பிறகு சில சொட்டு மிச்சம் வரலாம். கழித்து முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் விரலால் முன்னோக்கி நீவிவிட்டால் சொட்டு நிற்கும். விந்து உற்பத்தியை இந்த அறுவை தொடுவதே இல்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள். இருவருக்கும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பயம் அங்கேயே போய்விடுகிறது.

அப்பாவுக்கு 78 வயது. இவ்வளவு பெரிய ஆபரேஷன் தாங்குவாரா?

அவருக்கு வேறொரு நல்ல வழி உண்டு. விதைப்பைக்குப் பின்னால் பாதையைத் திறந்து அங்கேயே நிரந்தரத் துவாரம் அமைப்பது. உட்கார்ந்து கழிக்க வேண்டும், அவ்வளவுதான். தசை அப்படியே இருப்பதால் அடக்கும் சக்தி போகாது, டியூப், பை எதுவும் தேவையில்லை. இதைத் தோல்வி என்று குடும்பத்தார் நினைப்பதுண்டு. செய்துகொண்ட பெரியவர்கள் "இதை முன்னாடியே செய்திருக்கலாமே" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சரியான டாக்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யூரித்ரோபிளாஸ்டி என்பதுதான் இந்தத் திறந்த அறுவையின் பெயர். மாதத்துக்கு எத்தனை யூரித்ரோபிளாஸ்டி செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். இதை அதிகம் செய்யாத நல்ல மருத்துவர் வேறு இடம் சொல்லி அனுப்புவார், கோபப்பட மாட்டார். பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரகவியல் துறைகளிலும் இது நடக்கிறது.

சரியான பிறகு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் யூரோஃப்ளோ செய்துகொள்ளுங்கள். அதன் பிறகும், நீர் மெலிகிறது என்று தோன்றினால் காத்திருக்காமல் வாருங்கள். பின்னாளில் வேறு ஏதோ ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுத்துக் கதீட்டர் போடுவார்கள், அதை யாரும் உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்ய மாட்டார்கள். ஒரு முரட்டுக் கை போதும், தைத்த இடம் கிழிய. அதனால் ஒரு சின்ன அட்டையில், தமிழிலும் ஆங்கிலத்திலும், "யூரித்ரோபிளாஸ்டி செய்யப்பட்டவர், சிறிய அளவு கதீட்டர் மட்டும், தடை தெரிந்தால் தள்ள வேண்டாம், சிறுநீரகவியல் மருத்துவரை அழைக்கவும்" என்று எழுதி, அறுவைத் தேதியையும் குறித்து, பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.